விசிலுக்கு முன்னால் ஒரு நொடி

அந்தப் பெண்கள் பள்ளியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விளையாட்டு டீச்சர் என்றும் சொல்வதில்லை. விசில் மிஸ். பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது வெறும் விசில். “விசில் வருதுடி” என்று ஒருத்தி சொன்னால் போதும், மரத்தடியில் அரட்டை அடித்துக்கொண்டிருக்கும் கூட்டம் அலறியடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். அவள் விசில் ஊதினால் மாடியில் கணக்கு நடத்தும் டீச்சர் கையிலிருக்கும் சாக்பீஸைக் கீழே போட்டுவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். ஜன்னலைச் சாத்துவார் என்பது மட்டும் உண்மை.

அவள் வாலிபால் சொல்லித் தருகிற விதமே தனி. வாயால் எதையும் விளக்கமாட்டாள். “பேசிப் பேசிப் பந்து அடிக்க முடியாது. என்னைப் பாரு, அப்படியே செய்” என்பாள். பந்தை உயரத் தூக்கிப் போட்டு, ஓடி வந்து, எம்பி, வலைக்கு மேலே ஓர் அடி. இறங்கும்போது மண்ணில் சத்தமே கேட்காது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். பிறகு அப்படியே செய்வார்கள். அப்படியே என்றால் அச்சு அசல் அப்படியே. ஒருமுறை ஜலதோஷம் பிடித்திருந்தபோது, சர்வ் போடுவதற்கு முன் அவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். அந்த மாதம் முழுக்க டீமே மூக்கைத் தேய்த்துவிட்டுத்தான் சர்வ் போட்டது. விஷயம் தெரிந்தபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதெல்லாம் அவளுக்குக் குழந்தை பிறப்பதற்கு முன்னால்.

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். “குரல் அப்படியே உன்னைத்தான் கொண்டிருக்கு” என்றான் பேக்கரியில் வேலை பார்க்கும் அவள் கணவன். விடிவதற்கு முன்னால் ரொட்டி சுடப் போய், மாவு வாசனையோடு மத்தியானம் வீடு திரும்பி, கை கழுவின ஈரத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொள்வான். குறை சொல்ல முடியாத ஆள். அடுத்த தெருவில் இருந்த அவளுடைய அம்மாவும் காலையிலேயே வந்துவிடுவாள். வருகிறவர்கள் எல்லாரும் பாப்பா தூங்குறாளா, பாப்பா பால் குடிக்கிறாளா, பாப்பா யார் ஜாடை என்று கேட்டார்கள். நல்ல கேள்விகள்தான். ஆனால் அந்த வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேர் புதிதாகப் பிறந்திருந்தார்கள், ஒரு குழந்தையும் ஓர் அம்மாவும். இரண்டாவது ஆளை விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மாவும் அப்படித்தான். தையல் போட்ட இடத்தைப் பார்த்தார், “நல்லா ஆறியிருக்கு” என்றார். குழந்தையின் எடையைப் பார்த்தார், “அருமையா ஏறியிருக்கு” என்றார். அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெளியே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சொல்ல வந்தது இதுதான். தும்மினால், இருமினால், குழந்தையைச் சட்டென்று தூக்கினால் சிறுநீர் கசிகிறது. கொஞ்சம்தான். ஆனால் கசிகிறது.

அம்மாவிடம் மட்டும் கேட்டாள். அம்மா குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பெத்தவளுக்கெல்லாம் அப்படித்தான்டி. போகப் போகப் பழகிடும்.”

“சரியாகிடுமாம்மா?”

“பழகிடும்னு சொன்னேன். இதையெல்லாம் வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதே.”

அம்மா எப்போதுமே அப்படித்தான், ஒட்டாமல் பேசுவாள். மகள் வாலிபால் ஆடிய காலத்தில் வெளியூர் மேட்ச் ஒன்றுக்குக்கூட வந்ததில்லை. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாகக் கோர்ட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். “எனக்கு வெயில் ஒத்துக்காது” என்று இவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். அந்த வருத்தம் மகளுக்கு உள்ளே எங்கோ கிடந்தது. இப்போது மறுபடி கொஞ்சம் உறுத்தியது.

விடுப்பு முடிந்து அவள் பள்ளிக்குத் திரும்பிய அன்று பிள்ளைகள் கேட்டிலேயே காத்திருந்தார்கள். “மிஸ், ஒரு ஸ்மாஷ்! ஒண்ணே ஒண்ணு மிஸ்!” என்று பந்தைக் கையில் திணித்தார்கள். அவளுக்கும் கை துறுதுறுவென்று இருந்தது. தூக்கிப் போட்டாள், ஓடினாள், எம்பினாள், அடித்தாள். பந்து எதிர்ப்பக்கக் கோட்டில் விழுந்து புழுதி கிளம்பியது. கால் மண்ணைத் தொட்ட அந்த நொடியில், கசிவு என்று சொல்ல முடியாத அளவுக்கு நனைந்துவிட்டது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். “இன்னொண்ணு மிஸ்!”

“மிஸ்ஸுக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு, ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் இன்னும் மோசமாகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த உடம்பு அவள் சொன்னதைக் கேட்கிற உடம்பு. எம்பு என்றால் எம்பும், நில் என்றால் நிற்கும். முதல் முறையாக அது அவளை நாலு பேர் நடுவில் கைவிட்டது.

அதற்குப் பிறகு விசில் மிஸ் எம்பவில்லை. சாம்பல் நிற டிராக் பேண்ட்டெல்லாம் பீரோவுக்குள் போய்விட்டன, தினமும் கறுப்புதான். “கறுப்பு உனக்கு எடுப்பா இருக்கு” என்றான் கணவன், பாவம், மனசாரத்தான் சொன்னான். பையில் நாப்கின் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டாள். தண்ணீர் குடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். “தண்ணி குடிங்கடி, தண்ணி குடிக்காம ஆடினா மயக்கம் போட்டு விழுவீங்க” என்று பிள்ளைகளை விரட்டுகிறவள், தன் பாட்டிலை நிரப்பியது நிரப்பியபடியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனாள். சாயங்காலமானால் தலை விண்விண்ணென்று வலிக்கும்.

கோர்ட் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. இப்போது உட்கார்ந்தபடியே சொல்லித் தந்தாள். காட்டுவதற்கு மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான். எழுந்து நின்று பந்தை எப்படிப் பிடிப்பது, கையை எங்கே வைப்பது. பிறகு விசில். அதை எப்படி விடமுடியும்? ஓங்கி ஊதினாலும் வயிற்றில் அழுத்தம் விழும், அழுத்தம் விழுந்தால் கசியும். அதனால் ஊதுவதற்கு முன்னால் ஒரு நொடி, ஒரு காலை இன்னொரு காலின் குறுக்கே பின்னிக்கொண்டு, தொடைகளை இறுக்கிக்கொள்வாள். பிறகுதான் ஊதுவாள். அவளுக்கே அது பழகிப்போய்விட்டது. அம்மா சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

குழந்தை தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயத்தில் பெரிய மிஸ் கூப்பிட்டனுப்பினார். தலைமை ஆசிரியை. நல்லவர், ஆனால் நல்லது செய்வதிலும் கொஞ்சம் அவசரக்காரர்.

“நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ முன்ன மாதிரி இல்லை. நாற்காலியை விட்டு எழுந்திரிக்கிறதே இல்லை. சின்னக் குழந்தைக்காரி, தூக்கம் இருக்காது. லைப்ரரில ஆள் வேணும். நிழல்ல உட்கார்ந்துக்கலாம். டீமை வேற யாராவது பார்த்துக்கட்டும்.”

“டீமையா மிஸ்?”

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வர்ற டோர்னமென்ட் முடியட்டும், யோசிச்சுச் சொல்லு.”

அவள் மறுத்துப் பேசவில்லை. காரணம் சொல்லாமல் எப்படி மறுப்பது? காரணத்தைச் சொல்வதைவிட லைப்ரரியே மேல். அங்கே யாரும் எம்பச் சொல்லமாட்டார்கள், விசிலும் ஊத வேண்டாம். டோர்னமென்ட் முடிந்ததும் சரி என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். குழந்தை விசிலை எடுத்து வாயில் வைத்துச் சப்பியது. பிடுங்கக்கூட மனசு வரவில்லை.

டோர்னமென்ட் வேறொரு பள்ளியின் மைதானத்தில் நடந்தது. விசில் மிஸ்ஸின் டீம் கறுப்பு டிராக் பேண்ட்டில் வந்து நின்றது. மிஸ் மாதிரியே இருக்கவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய உடுப்பு. முதல் சர்வ், கேப்டன் நெட்டைக்கு. தென்னை மரத்தில் பாதி இருப்பாள், பெயர் அதனால் வந்தது. நடுவர் விசில் ஊதினார். நெட்டை பந்தைக் கையில் எடுத்தாள். ஒரு காலை இன்னொரு காலின் குறுக்கே பின்னினாள். இறுக்கினாள். அப்படியே நின்றாள். பிறகு கால்களைப் பிரித்து, தடுமாறி, ஒருவழியாகச் சர்வ் போட்டாள். பந்து வலையில் விழுந்தது.

விசில் மிஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எதிர் டீம் சர்வ் போடத் தயாரானது. இந்தப் பக்கம் ஆறு பேரும் சொல்லி வைத்த மாதிரி கால்களைப் பின்னிக்கொண்டு நின்றார்கள். பந்து வந்து நடுவில் விழுந்தது. பின்னிய காலைப் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுபடி சர்வ், மறுபடி பின்னல். நேரம் கடத்துவதாக நடுவர் எச்சரித்தார். எதிர் டீம் கோச் வாட்டசாட்டமான ஆள், வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்கிறவர். இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார்.

“என்ன மிஸ், டீமுக்கே அவசரமா? பாத்ரூம் அந்தப் பக்கம்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளுக்கு மூக்கைத் தேய்த்த கதை ஒரு கணத்தில் ஞாபகம் வந்தது.

டைம்-அவுட் கேட்டாள். பிள்ளைகள் மூச்சு வாங்கச் சுற்றி நின்றார்கள், எல்லாருடைய கண்ணும் அவள் வாயைப் பார்த்தது. ஒரே ஒரு வார்த்தை போதும், காலைப் பின்னாதீர்கள் என்று. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். நீங்கள் செய்கிறீர்களே என்பார்கள்.

“நல்லா ஆடுங்க” என்றாள்.

அவர்கள் நல்லா ஆடினார்கள். அதாவது, இன்னும் இறுக்கமாகப் பின்னினார்கள். தோல்வி என்றால் அப்படி ஒரு தோல்வி, துவைத்துக் காயப்போட்டு விட்டார்கள்.

உடை மாற்றும் அறையில் பெஞ்சு மேலே வரிசையாக உட்கார்ந்து பிள்ளைகள் அழுதார்கள். நெட்டைதான் முதலில் எழுந்து வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“சாரி மிஸ். எங்கே தப்பாப் போகுதுன்னே தெரியல மிஸ். நீங்க பின்னும்போது ஸ்டெடியா நிக்கிறீங்க. எங்களுக்கு அது வரவே மாட்டேங்குது. லீவு நாள்லகூட பிராக்டிஸ் பண்ணோம்.”

“எதை?”

“அதான் மிஸ், விசிலுக்கு முன்னாடி ஒரு நொடி காலைப் பின்னி இறுக்குவீங்களே. பவர் அங்கேருந்துதான் வருதுன்னு நாங்களே கண்டுபிடிச்சோம். நீங்கதான் எதையும் வாயால சொல்லமாட்டீங்களே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பழைய சிரிப்பு, விழுந்து விழுந்து சிரிக்கிற சிரிப்பு, பீறிட்டுக் கிளம்பியது. சிரித்தால் என்ன ஆகும் என்று தெரியும். அது ஆகியும் விட்டது. இந்த முறை அவள் காலைப் பின்னவில்லை. சிரிப்பு எங்கே அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

“அது பவர் இல்லடி” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பாப்பா பொறந்ததுக்கு அப்புறம் மிஸ்ஸால ஒண்ணுக்கு அடக்க முடியல. எம்பினா வந்துடுது, விசில் ஊதினா வந்துடுது. அதை மறைக்கத்தான் காலைப் பின்னினேன். அதைப் பார்த்து நீங்க ஒரு மேட்சையே தோத்துட்டு வந்து நிக்கிறீங்க.”

பெஞ்சின் கடைசியில் ஒருத்தி ‘களுக்’கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். பிறகு ஒரு குரல் யோசனையாக வந்தது.

“எங்கம்மா தும்மல் வந்தா ஓடிப்போய் நாற்காலில உட்காருவாங்க மிஸ். அதுக்காகத்தானா?”

“எங்க அக்கா குழந்தையோட குதிச்சு விளையாடவே மாட்டா” என்றாள் இன்னொருத்தி. “சோம்பேறின்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்.”

நெட்டை மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

“சரி மிஸ். அதுக்கு என்ன எக்சர்சைஸ்?”

“எதுக்கு?”

“அடக்குறதும் ஒரு தசைதானே மிஸ்? எந்தத் தசையா இருந்தாலும் அதுக்கு ஒரு பயிற்சி இருக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

விசில் மிஸ் நெட்டையை நிமிர்ந்து பார்த்தாள். தோளுக்கு, முழங்காலுக்கு, விரல் நுனிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பயிற்சி தெரிந்தவள். இது நெட்டைக்குத் தோன்றிய அளவுக்குக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது. உடம்பில் அடிபட்டால் பயிற்சி செய்வோம். அசிங்கப்பட்டால் மறைக்கத்தான் பார்ப்போம்.

அந்த வாரமே பெரிய மிஸ்ஸின் அறைக்குப் போனாள். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

“லைப்ரரி வேண்டாம் மிஸ். டீம் என்கிட்டயே இருக்கட்டும். வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் சீக்கிரம் போகணும். பிசியோதெரபி. பிரசவத்துக்கு அப்புறம் எனக்குச் சிறுநீர் அடக்க முடியல.”

பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“யாரும் கேக்கல மிஸ்.”

“வெள்ளிக்கிழமை போய்க்கோ” என்றார் பெரிய மிஸ். அவள் கதவுக்குப் போனபோது பின்னாலிருந்து மெதுவாக, “எல்லாருக்கும் சரியாப் போகுமான்னு கேட்டுட்டு வா” என்றார்.

பிசியோ அவள் வயதுக்காரி, காலில் ஓட்டப்பந்தய ஷூ. கதையை முழுக்கக் கேட்டாள். டீம் காலைப் பின்னிய இடம் வந்ததும் அவளும் அடக்கமாட்டாமல் சிரித்தாள். பிறகு, இது நிறையப் பேருக்கு வருவதுதான், அதற்காகப் பொறுத்துக்கொண்டே இருக்கவேண்டியது இல்லை என்றாள். தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்கு நல்ல திட்டு விழுந்தது.

“சரி, எப்படிச் செய்யணும்? செஞ்சு காட்டுங்க, நான் பார்த்துக்கறேன்” என்றாள் விசில் மிஸ், பழக்க தோஷத்தில்.

“செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். தெரியுதா?”

ஒன்றும் தெரியவில்லை. பிசியோ அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

“இது வெளியில தெரியாது. பார்த்துக் கத்துக்க முடியாது. ஒருத்தர் சொல்லணும், ஒருத்தர் கேக்கணும். அதனாலதான் இத்தனை பேருக்குத் தெரியாமலே போச்சு.”

எந்தத் தசையை உள்ளுக்குள் இறுக்குவது, எப்போது விடுவது என்று பிறகு பொறுமையாகச் சொன்னாள். விசில் மிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. வெறுத்துப்போய் விட்டுவிடலாம் என்று நினைத்த வாரங்கள் உண்டு. கணவனிடம் சொன்னபோது அவன் முகம் சிறுத்துப்போயிற்று. “கறுப்பு எடுப்பா இருக்குன்னு வேற சொன்னேனே” என்று தலையில் அடித்துக்கொண்டான். குழந்தை வாய் கொப்பளிக்கப் பழகிய காலத்தில் அவளால் காலைப் பின்னாமல் விசில் ஊத முடிந்தது. கணக்கு டீச்சர் மறுபடி ஜன்னலைச் சாத்தினார். அதற்கும் ரொம்ப நாள் கழித்து ஒரு சாயங்காலம், நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பந்தைத் தூக்கிப் போட்டு எம்பினாள். பழைய உயரம் இல்லை. இறங்கியதும் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

“என்னாச்சு மிஸ்?”

“கொஞ்சம்” என்றாள். “பரவாயில்ல. பந்தை எடு.”

இதையெல்லாம் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மகள் தினமும் சாப்பாட்டு மேசையருகே நாற்காலியில் சும்மா உட்கார்ந்து மூச்சு விடுவதையும், தண்ணீர் பாட்டில் காலியாகத் திரும்பி வருவதையும். ஒரு விடுமுறை நாள் காலையில், குழந்தை தரையில் விசிலோடு விளையாடிக்கொண்டிருந்தபோது, அம்மா புடவை மடிப்பதைப் பாதியில் நிறுத்தினாள்.

“ஏண்டி, அது என் வயசுக்கும் ஆகுமா?”

மகளுக்கு முதலில் புரியவில்லை. அம்மா பாதி மடித்த புடவையையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“நீ பொறந்ததுலேருந்து எனக்கு இருக்கு. உன் மேட்சுக்கெல்லாம் வரணும்னு எனக்கு ஆசை இல்லைன்னா நெனச்சே? அவ்வளவு தூரம் பஸ்ஸு, நடுவுல எங்கேயும் நிறுத்தமாட்டான். போய் இறங்கி, நாலு பேர் முன்னாடி உனக்குத் தலைகுனிவு ஆயிட்டா? அதான் வெயில் மேல பழியைப் போட்டேன்.”

“அம்மா, ஏம்மா சொல்லல?”

“யாரு கேட்டா?”

அவள் அம்மாவின் கையிலிருந்த புடவையை வாங்கிக் கீழே வைத்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலிக்கு எதிரே போட்டாள். அம்மா தயங்கித் தயங்கி வந்து விளிம்பில் உட்கார்ந்து, மகளின் கால்களையும் முகத்தையும் உற்றுப் பார்த்தாள்.

“என்ன செய்யணும்? நீ செய், நான் பார்த்துச் செய்றேன்.”

“பார்த்துச் செய்ய முடியாதும்மா” என்றாள் விசில் மிஸ். “நான் சொல்றேன், நீ கேளு.”